பதில் வராத பாதி

முனைவர் பட்டத்துக்காகச் சின்னவள் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளிமையாகத்தான் இருந்தது. சமூக ஊடகக் குழுவில் முதன்முதலாகத் தன் கஷ்டத்தை எழுதுகிற ஒருவருக்கு ஆறுதலாகப் பதில் வந்தால், அவர் மறுபடி எழுதுவாரா? வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவாரா? இதற்காக, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களின் பெரிய குழு ஒன்றைப் பிடித்தாள். நடத்துகிறவர்களிடம் அனுமதியும் வாங்கினாள். புதிதாக எழுதும் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் பூவா தலையா போடும். பூ விழுந்தால் சின்னவள் அன்பாக நாலு வார்த்தை எழுதுவாள். தலை விழுந்தால் எழுதக் கூடாது. ஒரு வாரம் வேடிக்கை பார்த்தால் போதும்.

பதில் கிடைக்காத பாதிப் பேருக்கு இதனால் கெடுதல் இல்லையா என்று பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு கேட்காமல் இல்லை. புதியவர்கள் எழுதுவதில் பெரும்பாலானவை எப்படியும் கேட்பாரற்றுத்தான் கிடக்கின்றன, நான் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்று பளிச்சென்று சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். படித்தவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் எதற்கும் ஒரு நியாயம் அகப்பட்டுவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, துறையின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து முந்தின நாள் வந்த பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை விழுந்தவற்றில் ஒன்று புனைபெயரில் வந்திருந்தது.

“அம்மாவை நான்தான் குளிப்பாட்டுறேன், நான்தான் ஊட்டுறேன். ஆனா அவங்க கூப்பிடுறது என் தங்கச்சியை. சிட்டு, சிட்டுன்னு. தங்கச்சி படிக்கிறா, வர முடியாது. நேத்து அம்மா சாப்பாட்டைத் துப்பினப்போ கையை ஓங்கிட்டேன். அடிக்கல. ஆனா அடிச்சிருப்பேன். இங்க வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?”

சிட்டு என்று சின்னவளை இந்த உலகத்தில் ஒருத்தர்தான் கூப்பிடுவார். அது அவள் அம்மா. எழுதியிருப்பது அக்கா.

செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பேராசிரியரிடம் போய், இது என் சொந்த அக்கா, இந்தப் பதிவை ஆய்விலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று சொன்னால் தீர்ந்தது. ஆனால் பாதியில் விலகிப் போனவர்கள் போக, ஆய்வுக்குத் தேவையான ஆள் கணக்கு நூலிழையில் நின்றுகொண்டிருந்தது. “இன்னும் ஒருத்தர் குறைஞ்சாலும் மறுபடி ஆள் சேர்க்கணும், ஆறு மாசம் தள்ளிப்போகும்” என்று பேராசிரியர் போன வாரம்தான் சொல்லியிருந்தார். சின்னவள் கீபோர்டில் வைத்த கையை எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் போன் செய்தாள்.

“அக்கா, எப்படி இருக்க?”

“இருக்கேன். என்ன திடீர்னு?”

“சும்மாதான். அம்மா?”

“தூங்குறாங்க. நீ எழுதி முடிச்சிட்டியா?”

“இன்னும் கொஞ்சம்தான்க்கா.”

“முதல்ல அதை முடி. இங்க நான் பார்த்துக்குறேன்.”

பதிவைப் பற்றிக் கேட்காமலே போனை வைத்தாள். அக்கா குரல் நன்றாகத்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டும் கட்டிக்கொண்டாள். அந்தக் குரலை நம்பவில்லை என்பது அவளுக்கே தெரியும். வெட்கமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா தன் பதிவுக்குக் கீழே தானே இரண்டு சொல் எழுதினாள். “யாருமே இல்லையா?”

ஆய்வின் விதிப்படி அதுவும் எழுத்துதான். ‘மறுபடி எழுதினாரா’ என்ற கட்டத்தில் சின்னவள் ‘ஆம்’ என்று அடித்தாள். அடித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த பதிவைத் திறந்தாள்.

ஒரு வாரம் முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து அக்கா வீட்டுக்குப் போனாள். அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். பெரியவள் கூடத்தில் துவைத்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள்.

“அக்கா, அந்தக் குழுவுல நீ எழுதினதை நான் பார்த்தேன்.”

பெரியவள் நிமிரவில்லை. “கையை ஓங்கினதையுமா?”

“எல்லாத்தையும்.”

“தெரியும்டி. பெத்தவ மேல கை ஓங்கினவகிட்ட யாரு பேசுவா? அதான் அத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் வாயைத் திறக்கல.”

“அப்படி இல்லக்கா. அது என் ஆராய்ச்சி.” சின்னவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். புதியவர்களுக்கு அங்கே மற்றவர்கள் பதில் போடுவதே அபூர்வம் என்பதை, பதில் எழுதுகிற வேலை தன்னுடையது என்பதை, கம்ப்யூட்டர் பாதிப் பேரைக் கழித்துவிடும் என்பதை, அக்கா அந்தப் பாதியில் விழுந்துவிட்டாள் என்பதை.

பெரியவள் மடித்த விரிப்பைக் கீழே வைத்தாள். பிறகு, ஆச்சரியமாக, சிரித்தாள். “அப்போ என்னைக் கேவலமா நினைச்சு ஒதுக்கலையா? நான் பாட்டுக்கு என்னென்னவோ நினைச்சுச் செத்துட்டு இருந்தேன். கம்ப்யூட்டர் பண்ணின வேலையா இது?”

“ஆமாக்கா.”

“போகட்டும் போ. அந்தப் பக்கத்தைப் பிடி.”

இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவாள் என்று சின்னவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் உதறி, இழுத்து, நீளவாக்கில் மடித்தார்கள்.

“ஆமா, நீ அதை எப்ப பார்த்த?” என்று பெரியவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அக்கா நம்பியிருப்பாள்.

“போன செவ்வாய்க்கிழமை.”

“அன்னைக்குத்தானே போன் பண்ணின?”

“ஆமா.”

பெரியவள் அவள் கையிலிருந்த முனையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“அப்போ கம்ப்யூட்டர் என்னைக் கைவிட்டது அன்னைக்கு வரைக்கும்தான்” என்றாள். “மிச்ச நாளெல்லாம் நீதான்.”