கதவுக்கு வெளியே நிற்பது மூக்காண்டிதானா

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. சங்கரன்கோவில் பூமார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் மூக்காண்டி சொன்னது. சொல்லி முடித்துவிட்டு, "நீதான் எழுதப் படிச்சிட்டியே, எழுது. அந்த வார்த்தைய மட்டும் எழுதிராதலே" என்றான்.

எந்த வார்த்தை என்று கேட்பீர்கள். எழுத மாட்டேன். அதனால் கதையின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். பார்த்து நடக்கவும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்திச் சூரியன் கோபுரத்தின் மேல்—" அடித்துவிட்டேன். அந்த நேரத்தில் மூக்காண்டி கோபுரத்தைப் பார்க்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்த சொந்த வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது: "செயற்கை நுண்ணறிவு என்பது இக்காலத்தில்—" இதை எழுதும்போதே எனக்குத் தூக்கம் வந்துவிட்டது.

2

மூக்காண்டியின் மகள் வேல்விழி எட்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர்களை உட்காரவைத்து எப்சிபா டீச்சர் பாடம் எடுத்தார்.

"ஒங்க கொரல் கொஞ்சம் கெடச்சாப் போதும். மிஷினு ஒங்களமாரியே பேசி பிள்ளைட்ட போட்டோ கேக்கும். வெளிய வான்னு கூப்பிடும். வீட்டுக்கு ஒரு ரகசிய வார்த்தை வச்சுக்கிடுங்க. அதச் சொன்னாத்தான் பிள்ளை நம்பணும்."

மூக்காண்டியின் தெருக்காரர்கள் திரும்பி வரும் வழியிலேயே கூடிப் பேசினார்கள். ஆளுக்கொன்று வைத்தால் மறந்துபோகும் என்று, தெரு முழுவதற்கும் ஒரே வார்த்தையாக முடிவுசெய்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்கள். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு எல்லாரையும் மறுபடி கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு வேல்விழியே ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்து அப்பா காதிலும் அம்மா காதிலும் சொன்னாள். மூக்காண்டி தலையாட்டினான்.

(தலையாட்டுவது ஒரு வேலை. நினைவில் வைப்பது வேறு வேலை. மூக்காண்டிக்கு முதலாவது நன்றாக வரும்.)

3

ஒருநாள் மத்தியானம். பேச்சித்தாய், அதாவது மூக்காண்டியின் மனைவி, ராயகிரியில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். வேல்விழி மட்டும் வீட்டில். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. அப்பாவின் குரல்.

"மக்கா, ஒன் போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்பு. அம்மாட்ட சொல்லாத."

வார்த்தையைக் கேட்டாள். இணைப்பு துண்டானது.

[இங்கே அவள் பயந்ததை நாலு வரி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள், அரிசி டிரம்மை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அந்த டிரம்மை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அவள் பயம் புரியும்.]

சாயங்காலம் மூக்காண்டி வந்து கதவைத் தட்டினான்.

"ஏட்டி, தொற."

"வார்த்தையச் சொல்லுங்க அண்ணாச்சி."

பெற்ற மகள் அண்ணாச்சி என்றதும், மனசில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச வார்த்தையும் மூக்காண்டிக்கு உதிர்ந்துபோனது.

"நான் ஒங்கப்பன்ட்டி."

"மத்தியானம் பேசுனவரும் அப்பா கொரல்லதான் பேசுனாரு."

"ஒன் மொழங்கால்ல தழும்பு இருக்கு. சைக்கிள்லருந்து விழுந்த."

"அம்மா ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கா."

"கத்தரிக்கா ஒனக்கு ஆவாது."

"அதுவும் ஸ்டேட்டஸ்ல இருக்கு."

"சன்னல் வழியாப் பாரு. நாந்தான நிக்கேன்."

"செல்லுலயும் இப்படிச் சதுரத்துக்குள்ளதான் அச்சு அசலாத் தெரிவாவன்னு டீச்சர் சொன்னாவ."

அவன் செல்லில் சார்ஜ் இல்லை. தெருவில் போன ஒருவரிடம் செல் வாங்கிப் பேச்சித்தாயைக் கூப்பிட்டான்.

"ஏட்டி, அந்த வார்த்தை என்ன?"

"வார்த்தையவா கேக்க? அப்பம் நீதாம்லே அந்தக் களவாணி" என்று வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டுக் கோமதிசங்கர் வந்தார். "இவன் மூக்காண்டிதாம்மா. நான் சாட்சி."

"ஒங்களுக்கு யாரு மாமா சாட்சி?"

கோமதிசங்கர் தன் ஆதார் அட்டையை எடுக்க வீட்டுக்குப் போனார்.

அதற்குள் தெரு கூடி ஆளுக்கொரு வார்த்தையைக் கதவில் எறிந்தது. ஆடித்தபசு. பிரியாணி. மல்லிகை. ஒருவர் தன் வீட்டு ரகசிய வார்த்தையையே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

4

முடிவு வரவில்லை. போனில் இருக்கும் எந்திரத்திடம் கேட்டுப் பார்த்தேன். தந்தையும் மகளும் கட்டியணைத்துக்கொண்டனர், விழிப்புணர்வே பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்தது. போதாததற்கு, அந்த ரகசிய வார்த்தை இதுதான் என்று அடித்துச் சொன்னது. அது சரியா தவறா என்று நான் சொன்னாலே கொஞ்சம் வெளியே வந்துவிடும். சொல்லவில்லை.

இன்னொரு முடிவில் தெருக்காரர்கள் கதவை உடைத்தார்கள். கிழித்துப் போட்டேன். நாலு பேர் சேர்ந்து சத்தம் போட்டால் உடைத்துவிடலாம் என்பதைத்தானா அந்தப் பிள்ளை படிக்க வேண்டும்?

5

நடந்தது இது.

"பாவம் ஒங்கப்பன். தொறந்துரு மக்கா" என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். உள்ளே டிரம் நகரும் சத்தம் கேட்டது.

மூக்காண்டிக்குப் பொறிதட்டியது. இத்தனை பேர் கெஞ்சினால் திறப்பாள். நாளைக்கு வேறு எவனாவது இவன் குரலில் கெஞ்சினாலும் திறப்பாள். கதவின் வளையத்தை இறுக்கிப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டான்.

"தொறக்காத. நானே சொன்னாலும் தொறக்காத."

டிரம் நின்றது.

"எப்பா?"

களவாணி எவனும் திறக்காதே என்று சொல்ல மாட்டான். அவளுக்கு அது புரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் பேனாவை வைத்திருக்கலாம். ஆனால் இதை எழுதியபிறகுதான் உறைத்தது. வாசிக்கிறவர்களில் ஒரு களவாணியும் இருப்பான். இனி அவனும் வாசலில் நின்று தொறக்காத என்று சொல்வான்.

மூக்காண்டியிடம் சொன்னேன். தோளில் மூட்டையோடு நின்றான்.

"அப்பம் அதையும் எழுதாத."

"எழுதிட்டேம்லே."

"தொறந்தாளா இல்லையாங்கிறத மட்டுமாவது எழுதாத."

சரி. தாழ்ப்பாளில் வேல்விழியின் கை இருக்கிறது. வெளியே மூக்காண்டி வளையத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அங்கேயே நிற்கட்டும். உங்கள் வீட்டிலும் கதவுக்கு உள்ளே ஒரு பிள்ளை இருக்கும். எதைக் கேட்டால் அவள் திறக்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்தால், அவளிடம் சொல்லுங்கள்.

என்னிடம் சொல்ல வேண்டாம். எழுதிவிடுவேன்.