ஓரம் கருகிய குரோட்டன்

இராஜம்மா குரோட்டன் செடியைத் தகர டின்னோடு தூக்கிவந்து, தாயின் பிணத்துக்குக் கால்மாட்டில் பொத்தென்று வைத்தாள். மண் பாயில் சிதறியது.

"எல்லாரும் பாருங்க. அம்மா கட்டிலோரம் ஜன்னல்ல இருந்த செடி. எல வெந்து கெடக்கு. இவ கஞ்சியில என்னத்தையோ கலக்கியிருக்கா. மிச்சத்த இதுல ஊத்தியிருக்கா."

இவ என்றது தம்பி மனைவி தையல்நாயகியை. சபாபதி யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்த தோட்டக் கூலிக் குடும்பத்துப் பெண்.

பக்கத்து வீட்டுச் சின்னையா, மாத்தா போலீசுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று சபாபதியைக் கேட்டார். போலீஸ் வந்தால் தையலைத்தான் முதலில் இழுத்துப்போவார்கள். சபாபதி வாசலைப் பார்த்தபடி நின்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தையல் செடியருகே உட்கார்ந்தாள். அடி இலைகள்தான் முதலில் போயிருந்தன. நுனியும் ஓரமும் முறுகிப் பழுப்பேறி, நடு நரம்பு மட்டும் உயிரோடு இருந்தது. பூச்சி அரித்த ஓட்டை இல்லை. அவள் பிறந்த தெலுக் பங்லிமா காராங் தோட்டத்தில் கரை உடைந்து கடல்நீர் புகுந்த வருஷம், லயத்துக் கத்தரிச்செடிகள் இப்படித்தான் கருகின.

மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்தாள். இராஜம்மா பின்வாங்கினாள்.

"உப்பு, அண்ணி. நீங்களும் வச்சுப் பாருங்க."

யாரும் கை நீட்டவில்லை. தையல் மண்ணைக் கிளறினாள். உள்ளே நைந்த சோறு. புளித்த வாடை. இத்தனை நாளும் அதை நோயின் வாடை என்று நினைத்திருந்தாள். பேதிக்கு மருந்து கொடுத்த ஆஸ்பத்திரி டிரெஸர் சொன்னபடி உப்புக் கூட்டிக் காய்ச்சிய கஞ்சி. கிண்ணம் ஒவ்வொரு வேளையும் காலியாகவே திரும்பியது. அத்தை என் கைச்சோற்றைச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று சபாபதியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

இராஜம்மாவும் சோற்றைப் பார்த்தாள். இப்போது அவள் குரல் நிதானமாக வந்தது.

"ஓங் கையால தின்னு பொழைக்கிறதுக்கு, பட்டினி கெடந்தே போயிரலாம்னு போயிருக்கா எங்கம்மா."

சின்னையா தொண்டையைச் செருமிக்கொண்டு, நேரமாகிறது, பெண்கள் வாய்க்கரிசி போடலாம் என்றார்.

மகளுக்குப் பிறகு மருமகள் முறை. யாரும் தடுக்கவில்லை, வழிவிட்டு விலகவும் இல்லை. தையல் மண் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒரு பிடி அரிசியை அந்த மூடிய வாயில் போட்டாள். அரிசி உதட்டில் நின்று, தாடை வழியே சரிந்து இறங்கியது.

அவள் இன்னொரு பிடி எடுத்தாள்.