மேல்பாதிக் கறுப்பு

மேல்பாதி கறுப்பும் கீழ்ப்பாதி தெளிவுமான அந்தச் சதுரக் கண்ணாடியை வடிவு ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறாள், கட்டிலில் கிடக்கிற ஆவுடையப்பனுக்கோ மனைவியும் தெரியவில்லை, ஜன்னலும் தெரியவில்லை, ஆறுதான் தெரிகிறது, நடுப்பாறையில் மஞ்சள் சட்டையோடு தளவாய் நிற்கிறான், வடிவின் தம்பி, படத்தில் மலையின் உயரம் தெரிய ஓர் ஆள் வேண்டும் என்றால் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவன், நில்லு மாப்ளே என்றால் கால் மரத்துப்போகும்வரை நிற்பான். ஆவுடையப்பனுக்கும் வானத்துக்கும் என்றைக்கும் தகராறு, கேமராவில் ஆற்றுக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெளுத்துத் தொலையும், வானத்துக்கு வைத்தால் ஆறு இருண்டுபோகும், இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ணத்தான் லென்ஸுக்கு முன்னால் இந்தக் கண்ணாடி, கறுப்பு மலையுச்சிக்கு, தெளிவு தண்ணீருக்கு, அன்றைக்கும் அப்படித்தான் மாட்டினான், மாட்டி நாலைந்து படம் எடுத்தான், கீழே நல்ல வெயில்.

அந்தப் பக்கத்தில் ஆற்றில் இறங்குகிறவன் கரையில் நிற்பவனிடம் மலையைக் கேட்காமல் நிற்கமாட்டான், உச்சி கறுத்தால் மேலே மழை, கீழே வெயிலடித்தாலும் வெள்ளம் வந்துவிடும், தளவாயும் கேட்கிறான், மலைக்கு முதுகைக் காட்டி நிற்கிறவன் வேறு யாரைக் கேட்பான், அத்தான், மல எப்படி இருக்கு, ஆவுடையப்பன் தலையைத் தூக்காமல் கேமராத் திரையைப் பார்க்கிறான், உச்சி கன்னங்கரேலென்று இருக்கிறது, இத்தனை வருஷத்தில் வானம் இப்படி அமைந்ததே இல்லை, மனசு குளிர்ந்துபோகிறது, கண்ணாடி போட்டிருக்கு மாப்ளே, அதான் கறுப்பு, அசையாம நில்லு, சரித்தான் என்று தளவாய் சிரிக்கிறான், சிரித்துக்கொண்டே இருக்கிறான், தண்ணீர் பழுப்பாக வந்தது, சட்டையோடு குதித்த ஆவுடையப்பனை யாரோ முடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள், பாறையைக் காணோம்.

கண்ணாடி மறைச்சிட்டு, போலீஸிடம் சொன்னான், மாமியாரிடம் சொன்னான், வடிவிடம் சொன்னான், துக்கம் கேட்க வந்தவர்களிடம் வடிவே சொன்னாள், கண்ணாடி மறைச்சிட்டு, இவுக என்ன செய்வாக, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவனால் அவள் போடுகிற சோற்றைத் தின்ன முடிந்தது, நேற்று பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது, மூலையில் கிடந்த அன்றைய துணிமூட்டையை இன்றைக்குத்தான் நனைக்க எடுத்தாள்.

வடிவு திரும்புகிறாள், ஏங்க, இது அன்னைக்கு நீங்க போட்டிருந்த சட்டைப் பையில இருந்துச்சு, பொத்தான்கூட மாட்டியிருந்துச்சு. அவனுக்கு மறுபடி ஆறுதான் தெரிகிறது, சாரல் தெறித்த கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான், பாறையிலிருந்து தளவாய் என்னவோ கேலி பேசுகிறான், பதில் சொல்லிக்கொண்டே பையில் போட்டுப் பொத்தானை மாட்டுகிறான், திரும்ப எடுத்து மாட்டினேன், மாட்டியிருப்பேன், கை எத்தனை முறை போய்த் தேடினாலும் லென்ஸுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அப்ப அவன் கேட்டப்ப, என்கிறாள் வடிவு, கண்ணாடியை மறுபடி ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறாள், மலையுச்சி கறுப்பாகத் தெரிகிறது, மெல்லக் கையை இறக்குகிறாள், வெறும் ஜன்னலிலும் மலை கறுத்துத்தான் இருக்கிறது.