ரொறன்ரோ வழியாகப் பருத்தித்துறை

மகள் ஆரபியின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, அளவெட்டியில் முத்துக்குமாரு வீட்டுத் தொலைபேசிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கறுப்புப் பெட்டி வந்து குந்தியது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் மயூரதன், ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பெட்டி. மனைவி உதயகலா கைபேசித் திரையில் மகனின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வயர்களை ஒவ்வொன்றாகச் செருகினாள்.

"அப்பா, வடிவாய்க் கேளுங்கோ," என்றான் மயூரதன். "பச்சை லைற் எரிஞ்சால் நீங்கள் எடுக்கிற கோல் எல்லாம் இன்டர்நெற்றாலை போகும். மற்றாக்களுக்கு என்ரை கனடா நம்பர்தான் விழும். உங்களுக்கு ஒரு சதம் பில் வராது. லைற் நிண்டால் பெட்டி தானாய்ப் பழைய லைனுக்கு மாறியிடும். அப்ப வீட்டு நம்பர் விழும்."

"பக்கத்து வீட்டுக்கு எடுத்தாலும் கனடாவுக்குப் போய்த்தான் வருமோ?"

"ஓம், அப்பா."

"விசர் வேலை!"

சொல்லிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் போய் அமர்ந்தார். அமர்ந்தவர் சற்றுநேரத்தில் நிமிர்ந்தார். அந்த விசர் வேலைக்குள் தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு வழி இருப்பது அவருக்குப் புலப்பட்டுவிட்டது.

விசயம் இதுதான். உதயகலாவின் தம்பி ஞானசேகரம் பருத்தித்துறையில் இருப்பவர். மூன்று வருடங்களுக்கு முன் அளவெட்டிக் கோயில் திருவிழாவுக்கு வந்து, மேளம் உச்சத்தில் முழங்கிக்கொண்டிருந்தபோது, "உதுக்கு ஒரு சீடியைப் போட்டுவிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன அளவெட்டியில் நின்று, அளவெட்டி மேளத்தை! தவில்காரர் கூடத் திரும்பிப் பார்த்தார். முத்துக்குமாரு அவ்வளவு சனத்தின் முன்னாலும் கையை உயர்த்தி, "இனி என்ரை வீட்டு லைனிலையிருந்து உன்ரை வீட்டுக்கு ஒரு கோல் வராது" என்று சபதம் செய்தார். அன்றோடு ஞாயிறு தவறாமல் நடந்துவந்த தொலைபேசிப் பேச்சு நின்றது. உதயகலா தன் கைபேசியில் தம்பியோடு கதைப்பதை அவர் தெரியாதவர்போல இருந்துகொண்டார்.

இப்போது மகளுக்குக் கலியாணம். தாய்மாமன் இல்லாத சபையில் ஆரபியை எப்படி இருத்துவது? வருகிற ஒவ்வொருவரும் கேட்பார்கள். உதயகலா தம்பியைக் கேட்டுப் பார்த்தாள். அவரோ, "அத்தான் அந்த வீட்டு நம்பரிலையிருந்து எடுத்து, தன்ரை வாயாலை சொல்லட்டும். மற்ற நிமிசம் நான் அங்கை நிற்பன்" என்றுவிட்டார். இவர் எடுக்கமாட்டார். அவர் அதற்குக் குறைந்து இறங்கமாட்டார். நடுவில் ஆரபி, மாமன் வராவிட்டால் மணவறையில் ஏறமாட்டேன் என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் காலை முத்துக்குமாரு தொலைபேசியின் முன் வந்து நின்றார். பச்சை லைற் எரிந்தது. அவர் செய்த சபதம் வீட்டு லைனைப் பற்றியது. ரொறன்ரோவைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. கனடா வழியாகப் போகிற கோல் அளவெட்டிக் கோல் ஆகாது. எந்தச் சபையிலும் நின்று இதைச் சொல்லலாம்! சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு இலக்கங்களை அழுத்தினார்.

"எட மயூரதன்!" மறுமுனையில் ஞானசேகரம் கத்திய கத்தலில் அவர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் விலக்கினார். "என்ன மருமோன், உங்கை இப்ப சாமமெல்லே? நித்திரை கொள்ளேல்லையோ?"

'நான் முத்துக்குமாரு' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மூன்று வருடமாகக் கேளாத குரல். அது அப்படிக் குதித்துக்கொண்டு வந்ததும், அதை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"நித்திரை வரேல்லை, மாமா," என்றார், மகனைப்போல மூக்கால் இழுத்து.

"தடிமனோ? குரல் கட்டிப்போய்க் கிடக்கு."

"ஓம் மாமா. இஞ்சை சரியான குளிர்."

அப்போது உதயகலா தேத்தண்ணியோடு உள்ளே வந்தாள். கணவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றபடி தம்பியை மாமா என்று அழைப்பதைக் கேட்டதும் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"அப்பாவிலை இன்னும் கோவமோ, மாமா?" முத்துக்குமாருவுக்கு இப்போது நிறுத்தமுடியவில்லை.

"கோவமோ? போடா! கொப்பர் மாதிரிச் சண்டை பிடிக்க எனக்கு இந்த வடமராட்சிப் பக்கத்திலையே ஒரு ஆள் இல்லை. இஞ்சை எல்லாரும் நான் சொன்னதுக்கு ஓம் ஓம் எண்டுகொண்டு. சீவியமே சப்பெண்டு போச்சு. கலியாணத்துக்குப் பட்டு வேட்டி கூட எடுத்து வைச்சிட்டன். அந்த மனுசன் ஒருக்கால் எடுத்தால்…"

அவ்வளவில் குரல் அறுந்தது. மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றது. கரண்ட் போய்விட்டது.

முத்துக்குமாரு விசிறியையும் பார்க்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. 'எடுத்தால்' என்ன? அதைக் கேட்காமல் இருக்கமுடியுமா? பிள்ளைகள் கிட்டிப்புள் விளையாடும் வேகத்தில் இலக்கங்களை மறுபடி அடித்தார். மணி போனது. எடுத்தார்கள்.

"மாமா, கட்டாய்ப் போச்சு! சொல்லுங்கோ, அப்பா எடுத்தால்?"

மறுமுனையில் ஒரு கதிரை பின்னுக்கு நகர்ந்தது.

"அத்தான்?" என்றார் ஞானசேகரம், மிக மெதுவாக.

முத்துக்குமாரு பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பச்சை லைற் இல்லை. பருத்தித்துறையில் அந்த நேரம் என்ன இலக்கம் விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல மயூரதன் தேவைப்படவில்லை. உதயகலா சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். சிரிப்பு அவள் முகத்தைவிட்டுப் போயிருந்தது.

ரிசீவரை வைத்துவிடலாம். பெட்டி செய்த வேலை என்று சொல்லலாம். அது பொய்யும் அல்ல. ஆனால் தன் வீட்டிலிருந்து போன கோலை, 'நான் எடுக்கவில்லை' என்று ஒரு பெட்டியின் தலையில் போடுவதா? இந்தக் குடும்பத்தில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை. முத்துக்குமாரு கால்களைச் சேர்த்து நின்றார்.

"ஓம். முத்துக்குமாரு கதைக்கிறன். என்ரை வீட்டு லைனிலையிருந்துதான் எடுக்கிறன். என்ரை மகள் ஆரபிக்கு வாற பதினெட்டாம் திகதி கலியாணம். தாய்மாமன் நீர் குடும்பத்தோடை வந்து முன்னுக்கு நிண்டு நடத்தித் தரவேணும்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப முதல் கதைச்ச தடிமன்காரன் ஆர், அத்தான்?"

"அது… அது என்ரை மகன்."

"உங்கடை மகனுக்கு நல்ல வயசுபோன குரல்!"

முத்துக்குமாருவின் தொண்டையில் ஏதோ வெடித்தது. அது சிரிப்பு என்று உதயகலாவுக்கே சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. ஞானசேகரமும் சிரித்தார். இரண்டு பேரும் ஒரு வசனம்கூட முடிக்கமுடியாமல் செம்புக் கம்பியின் இரு முனையிலும் சிரித்தார்கள். ஆரபி குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தாள்.

"இனி வெற்றிலையோடை வந்து முறையாய்ச் சொல்லவேணும். இப்பவே வெளிக்கிடுறன்," என்றார் முத்துக்குமாரு கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நீங்கள் ஏன்? மூத்தவர். நான் அங்கை வாறன்."

"சொல்லவேண்டியவன் நான். பேசாமல் வீட்டிலை இரும்!"

"இருக்கமாட்டன்!"

இருவரும் ஒரே நேரத்தில் ரிசீவரை வைத்தார்கள்.

முத்துக்குமாரு ஸ்கூட்டரை உதைத்தார். உதயகலா பின்னால் ஏறி, வெற்றிலைத் தட்டத்தை மடியில் அணைத்துக்கொண்டாள். அச்சுவேலி தாண்டித் தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஏறியபோது, எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் பட்டு வேட்டி காற்றில் உப்பப் பறந்து வந்தது. இரண்டும் நடுப்பாலத்தில் நின்றன. பின்னால் வந்த பருத்தித்துறை பஸ்ஸும் நின்று ஹோர்ன் அடித்தது.

முத்துக்குமாரு அவசரப்படவில்லை. முறை என்றால் முறை. தட்டத்தை இரு கையாலும் ஏந்தி, "கலியாணத்துக்கு வரவேணும்," என்றார். கடல்காற்று சொல்லை அள்ளிக்கொண்டு போனது.

"கேக்கேல்லை, அத்தான்!"

"கலியாணத்துக்கு வரவேணும்!"

ஹோர்ன்.

அவர் மூச்சை இழுத்து, அளவெட்டி மேளமே தோற்கும்படி முழங்கினார்: "எல்லாரும் கலியாணத்துக்கு வரவேணும்!"

"வாறம்!" என்றது பஸ், யன்னல்களெல்லாம் தலைகளாக. சாரதியும் ஹோர்னை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்.

ஞானசேகரம் அத்தானின் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இனி என்ன செய்யப்போறியள்?" என்றாள் உதயகலா.

"சொன்னது சொன்னதுதான்," என்றார் முத்துக்குமாரு. ஞானசேகரத்தின் கையில் வெற்றிலையைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்ததோடு பஸ்ஸில் இருந்தவர்களையும் முறையாய் அழைக்க மிதிபலகையில் ஏறினார்.