கட்டுச்சோற்றுக் கணக்கர்

இங்கிலீஷ்காரர்களிடமிருந்து பழவேற்காட்டைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்களுக்கு அங்கே பெரிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. கோட்டை இடிந்து கிடந்தது. துணி வியாபாரம் படுத்துவிட்டது. ஆனாலும் துரைமார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுது போயாக வேண்டுமே. அதற்காகத்தான் கொர்னேலிஸ் துரை அந்த இரண்டு சக்கர வண்டியைக் கப்பலில் வரவழைத்தான்.

அது முழுக்க மரம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், நடுவே குதிரைச் சேணம் மாதிரி ஒரு இருக்கை. பிற்காலத்து சைக்கிளுக்கு இருப்பதுபோல மிதிகட்டை கிடையாது. இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தி ஓட்டவேண்டும். மணலில் போனால் சக்கரம் புதைந்துவிடும். அதனால் தினமும் காலையில் குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் கொர்னேலிஸின் வீட்டிலிருந்து வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய், கிளிஞ்சல் கொட்டி இறுக்கிய துறைமுகச் சாலையில் வைப்பார்கள். துரை பின்னாலேயே நடந்து போய் அதில் ஏறுவான். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இதைப் பார்த்தார்கள்.

“நடக்கறதுக்கு எதுக்குடி குந்தணும்?” என்றாள் வேலம்மா.

அன்றிலிருந்து குப்பத்தில் அந்த வண்டிக்காரர்களுக்குப் பெயர் குந்துநடை. ‘குந்துநடை வருது, ஒதுங்கு’ என்பார்கள். துரைமாருக்கு இது தெரியாது. வண்டி ஓட்டுகிறவர்களில் அது தெரிந்த ஒரே ஆள் வரதன். அவன் அதைத் துரைமாரிடம் சொல்லவில்லை.

வரதன், துபாஷி திருவேங்கடத்தின் ஒரே மகன். அப்பாவைப் போலவே உலாந்தா பாஷையும் இங்கிலீஷும் தெரிந்தவன். கொர்னேலிஸும் அவன் கூட்டாளி ஒருவனும் காலையில் வண்டி ஓட்டும்போது மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவன். சேர்ந்ததும் கோயில் திருவிழாவுக்குத் தைப்பதைவிடச் சிரத்தையாக இறுக்கமான கால்சட்டை தைத்துக்கொண்டான். முதுகு வளையக்கூடாது, கையுறை இல்லாமல் பிடியைத் தொடக்கூடாது, தலை ஆடக்கூடாது, வண்டியில் எதையும் தொங்கவிடக்கூடாது என்று கொர்னேலிஸ் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொண்டான். கொர்னேலிஸே சில நாள் கையுறையை மறந்துவிட்டு வருவான். வரதன் ஒரு நாளும் மறந்ததில்லை.

வரதனுக்கு வண்டி செய்து கொடுத்தவர் ஊர்த் தச்சர் அந்தோணிசாமி. அவர் முதலில் செய்த வண்டி கொஞ்சம் கோணல். விட்டால் இடதுபக்கமாகவே போகும். “இதை நாய்கூட ஓட்டாது” என்று வரதன் தள்ளிவிட்டான். அந்தோணிசாமி வேறொன்று செய்து கொடுத்தார். தள்ளிய வண்டி பட்டறை மூலையில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் கணக்கர் நீலமேகம்.

நீலமேகம் உலாந்தாக் கிடங்கில் திருவேங்கடத்தின் கீழ் வேலை பார்த்தவர். நாற்பத்தைந்து வயது, கனத்த உடம்பு. இடது முழங்கால் வீங்கி, வீட்டிலிருந்து கிடங்குக்கு வருவதற்குள் நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். வண்டியில் உட்கார்ந்தால் உடம்புப் பாரம் முழங்காலில் இறங்காது என்று பட்டறையில் ஏறிப் பார்த்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. வலது காலால் மட்டும் உந்துவார், இடது காலை வண்டியின் முன்பலகைமேல் நீட்டிவிடுவார். வண்டி இடதுபக்கம் இழுக்கும். அவர் வலதுபக்கம் சாய்வார். வேட்டியை மடித்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, தோளில் தாழங்குடையை மாட்டிக்கொண்டு, பிடியில் சோற்றுப்பானையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி தினமும் துறைமுகச் சாலையில் வந்தார்.

முதல் நாள் அவரைப் பார்த்ததும் கொர்னேலிஸ் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு வரதனுக்கு வாசல் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

“கட்டுச்சோறு வருது” என்றான்.

அதற்கு அர்த்தம் என்ன என்று கொர்னேலிஸ் கேட்டான். வழிக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற பட்டிக்காட்டான் என்று வரதன் விளக்கினான். கொர்னேலிஸுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப்போய், வாய்க்குள் உருட்டி உருட்டிச் சொல்லிப் பார்த்தான்.

அதன் பிறகு வரதன் நிறுத்தவில்லை. செய்த வண்டி ஓடுகிறதா என்று பார்க்க அந்தோணிசாமி தலையை ஆட்டி ஆட்டி ஓட்டி வந்தால், அவர் ஓணான். ஒரு நாள் வண்டியை இரவல் வாங்கிப் பயந்து பயந்து காலைத் தேய்த்துக்கொண்டு வந்த ஊர் மருத்துவர், நனைஞ்ச கோழி. ஒழுங்கான உடை இல்லாமல், ஒழுங்கான நிமிர்வு இல்லாமல் யார் ஏறினாலும் பொதுவாகக் கட்டுச்சோறு. நீலமேகம் ஓட்டுகிற மாதிரி ஒற்றைக்காலால் தத்தித் தத்தி, கன்னத்தை உப்பிக்கொண்டு, இல்லாத பானையைத் தடவிப் பார்த்து வரதன் நடித்துக் காட்டுவான். கொர்னேலிஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சாயங்கால விருந்துகளுக்கு வரதனைக் கூப்பிடத் தொடங்கியது அந்த நடிப்புக்காகத்தான். தன் முதுகு நிமிர்வுக்காக என்று வரதன் நினைத்துக்கொண்டிருந்தான்.

நீலமேகம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவி கஸ்தூரியம்மாளால் அப்படி இருக்க முடியவில்லை. கிணற்றடியில் ஒரு பெண் அவளைக் ‘கட்டுச்சோத்தம்மா’ என்று கூப்பிட்ட அன்று குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள்.

“நாளையிலேர்ந்து பானை கிடையாது. சோறு இருந்தாத்தானே அந்தப் பேரு” என்றாள்.

“மத்தியானம் நான் இன்னா சாப்பிடறது?”

“ராத்திரி வந்து சாப்பிடுங்க.”

நீலமேகம் வெறும் வண்டியோடு போனார். சாலையில் எதிரே வந்த வரதன் வண்டியை நிறுத்தி, “இன்னா கட்டுச்சோறு, சோறு எங்கே?” என்று கேட்டான். அடுத்த நாளும் அதையேதான் கேட்டான். மத்தியான வேளையில் கிடங்கில் நீலமேகத்துக்குக் கண் இருண்டுகொண்டு வந்தது. ஒரு வாரம் பொறுத்த கஸ்தூரியம்மாள் பேர் போகப்போவதில்லை என்று தெரிந்ததும் முன்னைவிடப் பெரிய பானையாக எடுத்துக் கட்டினாள்.

“எவன் கேட்டா இன்னா. நீங்க துன்னுங்க” என்றாள்.

அந்த வருஷம் உலாந்தா ராஜாவின் பிறந்தநாளுக்குச் சென்னப்பட்டணத்திலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தது. துறையோரம் பந்தல் போட்டு நாற்காலிகள் அடுக்கினார்கள். பகலில் வண்டி ஓட்டம், பிறகு சாப்பாடு. கொர்னேலிஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. கடைசியில் கணக்கரைப் பானையோடு ஓட்டவிட்டால் வந்தவர்கள் சிரித்து மகிழ்வார்கள். சொல்லிவிட்டு வரும்படி வரதனை அனுப்பினான்.

வரதன் நீலமேகத்தின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடி சொன்னான். “துரை உத்தரவு. நாளைக்குப் பந்தலுக்கு வண்டியோட வரணும். வழக்கமா எப்படி வர்றீங்களோ அப்படியே வாங்க. பானையை மறக்காதீங்க.”

“பானை எதுக்கு சின்னவரே? அங்கதான் சாப்பாடு இருக்குமே” என்றார் நீலமேகம். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

வரதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

“அவங்க சிரிக்கிறதுக்கு என் சோத்துப்பானை இன்னாத்துக்கு? நீங்க போகவேணாம்.”

“உத்தரவுன்னு சொல்றாரே.”

“காய்ச்சல்னு சொல்லி அனுப்பறேன். உத்தரவு போட்டா காய்ச்சல் நிக்குமா?”

மறுநாள் நீலமேகம் வீட்டிலேயே காலை நீட்டி உட்கார்ந்து நண்டுக் குழம்பு சாப்பிட்டார்.

பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. கொர்னேலிஸும் கூட்டாளியும் வரதனும் மூன்று வண்டிகளில் வரிசையாக ஓட்டி வந்தார்கள். வரதனின் முதுகு கம்பு நட்ட மாதிரி இருந்தது. விருந்தாளிகள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஒருவர் கொட்டாவியை மறைத்துக்கொண்டார். சென்னப்பட்டணத்தில் இந்த வண்டி வந்து, பார்த்து, சலித்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது.

கொர்னேலிஸ் வரதனைத் தனியாக அழைத்து, “எங்கே நம் கட்டுச்சோறு?” என்று கேட்டான்.

“காய்ச்சலாம்.”

கொர்னேலிஸ் பந்தலைப் பார்த்தான். பிறகு வரதனை மேலும் கீழும் பார்த்தான். “நீ நன்றாகச் செய்வாயே. நீயே ஓட்டு” என்றான்.

வரதனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பட்டணத்து ஜனங்கள் எதிரில் தன் நடிப்பு. வலது காலால் உந்தத் தயாராகி வண்டியில் ஏறப்போனான்.

“இப்படியேவா? வேட்டி கட்டு” என்றான் கொர்னேலிஸ்.

“வேட்டி வேண்டாமே. இப்படியே செய்தாலும் சிரிப்பார்கள்.”

“சீக்கிரம். எல்லோரும் காத்திருக்கிறார்கள்.”

கிடங்குக் கதவுக்குப் பின்னால் நின்று வரதன் கால்சட்டையைக் கழற்றினான். படகுக்காரன் ஒருவனின் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டான். அதில் மீன் வாடை அடித்தது. சமையலறையிலிருந்து ஒரு பானை வந்தது, ஒரு தாழங்குடை வந்தது. கையுறையை மட்டும் கழற்றாமல் வைத்திருந்தான். கொர்னேலிஸ் விரலைக் காட்டினான். அதையும் கழற்றினான்.

பந்தல் எதிரே அவன் தத்தித் தத்திப் போனபோது எழுந்த சிரிப்பு ஏரிக்கு அக்கரைவரை கேட்டிருக்கும். கொட்டாவி விட்டவர் எழுந்தே நின்றுவிட்டார். வரதன் கன்னத்தை உப்பினான், பானையைத் தடவினான். இன்னொரு முறை போகச் சொன்னார்கள், போனான்.

தண்ணீரில் நின்ற பெண்கள் தடவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“கணக்கரு இளைச்சுட்டாரே” என்றாள் ஒருத்தி.

“அது கணக்கரு இல்லடி, துபாஷி புள்ள” என்றாள் வேலம்மா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அவரு கால் வலிக்குக் குந்திக்கினு போறாரு. இவனுக்கு இன்னா வலியாம்?” என்றாள். பிறகு எல்லோரும் குனிந்து இறால் தேடப் போய்விட்டார்கள்.

ஓட்டம் முடிந்ததும் வரதன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தான். இவன் நம் நண்பன், இன்னொருவரைப் போல நடித்தான் என்று கொர்னேலிஸ் இப்போது சொல்வான் என எதிர்பார்த்தான். ஒரு பட்டணத்துச் சீமாட்டி அவனை அருகில் வந்து பார்த்து, “இவர்தானா அது?” என்று இங்கிலீஷில் கேட்டாள்.

“இவர்தான்” என்றான் கொர்னேலிஸ். “எங்கள் கட்டுச்சோறு.”

சீமாட்டி தன் தட்டிலிருந்து ஒரு கேக் துண்டை எடுத்து, சிரித்துக்கொண்டே அவன் பானைக்குள் போட்டாள். மற்றவர்களும் ஆளுக்கொன்று போட்டார்கள். வரதன் குனிந்து வணங்கினான். ஏன் வணங்கினோம் என்று அன்று முழுவதும் யோசித்தும் அவனுக்கு விளங்கவில்லை. அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்று போடும்படி யாரும் சொல்லவில்லை. பானையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பந்தல் ஓரமாக நின்றான்.

அப்பா திருவேங்கடமும் பந்தலில்தான் இருந்தார். பட்டணத்துக்காரர்கள் சொன்னதை உலாந்தா பாஷையில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வரதன் வண்டியைத் தூக்கி எறிந்திருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. நான்கு நாள் வீட்டுக்குள் கிடந்தான். ஐந்தாம் நாள் கால்சட்டையும் கையுறையுமாகத் துறைமுகச் சாலைக்கு வந்தான். தூரத்தில் அவனைக் கண்டதும் கொர்னேலிஸ் “கட்டுச்சோறு” என்று கூவினான். வரதன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவன் பக்கம் ஓட்டிப் போனான். அதற்குப் பிறகு கொர்னேலிஸ் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வரதனும் ஒரு நாளாவது திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை. நீலமேகம் எதிரே வந்தால் மட்டும் ஏரிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மழைக்காலம் முடிந்ததும் கொர்னேலிஸுக்கு ஜாவாத் தீவின் பத்தாவியாவில் வேலை கிடைத்தது. கூட்டாளியும் கூடவே கிளம்பினான். இரண்டு பேரும் தங்கள் வண்டிகளைக் கிடங்கில் போட்டுவிட்டுப் போனார்கள். வரதன் வழியனுப்பத் துறைக்கு வந்து வெகுநேரம் நின்றான். படகு நகரும்போது கொர்னேலிஸ் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

பிறகு வரதன் தனியாக ஓட்டினான். சாலையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், அங்கே யாரும் இல்லாததால் திரும்பி வருவான். இரண்டு வாரம் அப்படிப் போனது. ஒரு சாயங்காலம் நீலமேகத்தின் வீட்டுக்கு வந்தான். இந்தத் தடவை செருப்பைக் கழற்றியிருந்தான்.

கஸ்தூரியம்மாள் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நீலமேகம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க சின்னவரே.”

வரதன் உட்காரவில்லை. “காலையில கொஞ்சம் முன்னாடியே கிளம்பினீங்கன்னா, ரெண்டு பேருமாச் சாலையில ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். அப்புறம் நீங்க கிடங்குக்குப் போகலாம்” என்றான். பிறகு, “பானை இருந்தாலும் பரவாயில்ல” என்றான்.

நீலமேகம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு ஆளுக்குக் காரணம் சொல்கிற முகம்தான் இருந்தது.

“எனக்கு அது கிடங்குக்குப் போறதுக்குத் தம்பி. சும்மா சுத்தறதுக்கு இல்ல” என்றார்.

வரதன் சரி என்று தலையை ஆட்டினான். உள்ளே கஸ்தூரியம்மாள் மறுநாளைக்கு அரிசி களையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.