நெப்ராஸ்கா பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க

அன்று காலை சமையலறையில் இருந்தவர்கள்: என் அண்ணன் வெண்டெல், அண்ணி டார்லீன், நான், அப்புறம் பத்தொன்பது நாளாக அண்ணனின் படுக்கையறையில் தங்கியிருந்த உர்மாஸ் என்ற எஸ்தோனியாக்காரர். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். இறைச்சிக் கிடங்கில் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விமான நிலைய வரிசையில் அண்ணன் அவரிடம் பத்து நிமிடம் பேசினான். "நெப்ராஸ்கா பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க" என்றான். எல்லோரிடமும் சொல்வதுதான். பல் டாக்டரிடம்கூடச் சொல்வோம். யாரும் வருவதில்லை. அந்த தைரியத்தில்தான் சொல்கிறோம்.

உர்மாஸ் வந்துவிட்டார். அமெரிக்கர்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். நாலாவது அத்தியாயம், எங்கள் அழைப்பெல்லாம் பொய் என்பது. அப்படி அழைத்த பதினோரு பேரின் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்திருந்தார். பதினோரு பேரும் சிரித்தபடியே அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு ரோஷம் வந்து, தன் கட்டிலைக் கொடுத்தான். குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குவது பைத்தியக்காரத்தனம் என்று அவர் அதை அணைத்தார். அதற்கும் அண்ணன் தலையாட்டினான்.

அண்ணி கரண்டியை வைத்தாள். "வெண்டெல், ஒண்ணு அவர் போகணும், இல்ல நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்."

உர்மாஸ் ஆவலாக நோட்டைத் திறந்தார். "போகச் சொல்றீங்களா? சொன்னா அத்தியாயம் இன்னைக்கே முடிஞ்சிடும்."

"சேச்சே! உங்க வீடு மாதிரி இருங்க" என்றான் அண்ணன்.

அண்ணி கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"மனைவி போனதுல வருத்தமா?" என்றார் உர்மாஸ். "வருத்தம்னா, நீங்க முழு மனசோட கூப்பிடலைன்னு அர்த்தம்."

"வருத்தமா? எனக்கா?" அண்ணன் ஜன்னல் அதிரச் சிரித்தான்.

"இந்தச் சத்தத்துல எழுத முடியல. அத்தியாயத்த மாத்தி எழுதணும்னா அமைதி வேணும்."

"அவ்வளவுதானே? நான் மோட்டல்ல ரூம் போட்டுக்கறேன்."

"அண்ணே, லூசா நீ? இது உன் வீடு" என்றேன்.

"நீ சும்மா இருடா. நாட்டோட மானம்டா இது."

பெட்டியோடு வாசலில் நின்று கையாட்டினான். "எது வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க!"

"வீட்டுச் சாவி" என்றார் உர்மாஸ்.

கொடுத்தான். எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. சாவியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று நான்தான் அவருக்குக் காட்டினேன். கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.