கழுத்தில் இருந்தது என்ன

டாக்டர் முராசே கணவர் தத்சுவோவை மட்டும் தனியே அழைத்துப் போனதும், ஃபூமியேவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது.

பேஸ்டோ நோய் என்ற தைராய்டுக் கோளாறு என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். உடம்பே தன் சுரப்பியைத் தாறுமாறாக முடுக்கிவிடுகிறதாம். அதனால்தான் படபடப்பு, கை நடுக்கம், பிதுங்கும் கண்கள். மாத்திரை அவளுடைய வெள்ளணுக்களைக் குறைத்துவிட்டது, இனி அறுவைதான். நம்பும்படியாகத்தான் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன் அப்பாவிடம் "வெறும் வயித்துப் புண்ணுதாம்ப்பா" என்று அவள் சொன்னதும் நம்பும்படியாகத்தான் இருந்தது. புற்றுநோய் என்பதை டாக்டர் குடும்பத்திடம் சொல்வார். குடும்பம் நோயாளியிடம் சொல்லாது. அந்நாளைய ஜப்பானில், இந்த நீகாத்தாவிலும், அதுதான் வழக்கம். அப்பா சாகும்வரை அவள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

தத்சுவோ திரும்பி வந்து, பேரிக்காய் ஒன்றை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னாரு. நீ சாப்பிடு."

"பதினேழு வருஷத்துல நீங்க கத்தியத் தொட்டதில்ல. இப்ப என்ன திடீர் கரிசனம்?"

பக்கத்துக் கட்டில் இசோபே அம்மாள் சிரித்தாள். "எம் புருஷன் சீவினா கொட்டைதான் மிஞ்சும். பேசாம தின்னும்மா."

ஃபூமியே தின்னவில்லை. "ஆபரேஷன்ல வெட்டி எடுத்தத உங்ககிட்டதானே தட்டுல வச்சுக் காட்டுவாங்க? நல்லாப் பாத்துக்கங்க. நிறம், அளவு, கட்டி ஏதாவது இருக்கான்னு. கண்ணு முழிச்சதும் கேப்பேன்."

அவர் தலையாட்டினார். கண் மட்டும் பழத்தைவிட்டு நகரவில்லை.

அறுவைக்கு மறுநாள்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. அதுவும் கரகரப்பாக. "எப்படி இருந்துச்சு?"

தத்சுவோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறையைச் சூடாக்கும் நீராவிக் குழாய் எங்கோ முனகிக்கொண்டிருந்தது.

"பாக்கல," என்றார் கடைசியில். "தட்டு மேல இருந்த துணிய டாக்டர் விலக்கினாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் தலைய மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்தேன். பயமா இருந்துச்சு, ஃபூமி."

அவள் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். காதுவரை சிவந்திருந்தது.

"அப்ப உங்களுக்கும் தெரியாது."

"பேஸ்டோ நோய்தான்னு முன்னாடியே சொன்னாரு. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது."

"பத்து நாள்ல சோதனை முடிவு வரும். உங்கள மட்டும் கூப்பிட்டா போகாதீங்க."

"டாக்டர் கூப்பிட்டா எப்படிம்மா போகாம இருக்கிறது?"

"என்னையும் கூட்டிட்டுப் போங்க. ரெண்டு பேரும் ஒண்ணாக் கேக்கணும்."

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். டாக்டரிடம் அப்படிக் கேட்ட யாரையும் அவருக்குத் தெரியாது. பிறகு எழுந்து, இப்போதே சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். ஃபூமியே மூச்சை அடக்கி, வராந்தாவில் அவர் டாக்டரிடம் அதைச் சொல்லும் குரல் கேட்கிறதா என்று காது கொடுத்துப் படுத்திருந்தாள்.